கழுவக் கொடுத்த படங்கள்

சென்ற ஆண்டு முதுகலை மாணவி ஒருத்தி பழைய ஃபிலிம் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வகுப்புக்கு வந்தாள். அவளுடைய தாத்தா வாங்கியது. பரணில் கிடந்ததை எடுத்து, லென்ஸில் படர்ந்திருந்த பூஞ்சையைத் துடைக்கச் செய்து, ஒரு ரோலும் போட்டிருந்தாள். “மேடம், மொத்தமே 36 படம்தான். எடுத்த உடனே பாக்க முடியாது. அதுதான் இதுல அழகே” என்றாள். வகுப்பே அவளைச் சூழ்ந்துகொண்டது. நான் அவளிடம் ஒன்று கேட்டேன்: “உங்க வீட்டுப் பழைய ஆல்பத்துல பாட்டி எடுத்த படம் ஏதாவது இருக்கா?” கொஞ்ச நேரம் யோசித்தாள். பாட்டி இருக்கும் படங்கள் நிறைய இருந்தன. பாட்டி எடுத்த படம் ஒன்றுகூட இல்லை.

ஃபிலிம் திரும்பி வந்துவிட்டது என்கிறார்கள். உண்மைதான். 2012இல் திவால் நிலைக்குப் போன கோடாக், அதே ஆண்டு நிறுத்திய எக்டாக்ரோம் ஃபிலிமை 2018இல் மறுபடி சந்தைக்குக் கொண்டுவந்தது. 2024இல் பென்டாக்ஸ் நிறுவனம் ஒரு புத்தம்புதிய ஃபிலிம் கேமராவையே வெளியிட்டது. 36 படம் எடுக்கும் ரோலில் பாதிப் பாதியாக 72 படம் எடுக்கும் கேமரா அது. பழைய கேமராக்களைத் தேடி வாங்குகிறவர்களில் இளம் பெண்கள் நிறையப் பேர். எனக்கு மகிழ்ச்சிதான். நானும் இரண்டு ஆண்டுகளாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

ஆனால் இந்தத் திரும்புதலைப் பற்றி எழுதுகிறவர்களும் பேசுகிறவர்களும் சொல்லும் காரணங்களைத் தொகுத்துப் பார்த்தால், அவை மூன்று சொற்களுக்குள் அடங்கிவிடுகின்றன: நினைவு, பொறுமை, சிக்கனம். ஃபிலிம் நம் பழைய நினைவுகளின் நிறம், காத்திருக்கக் கற்றுத்தருவது, எண்ணி எண்ணி எடுக்கப் பழக்குவது. இந்த மூன்று சொற்களையும் பெண்ணின் பக்கத்திலிருந்து படித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் போன இடத்துக்குத்தான் திரும்ப முடியும். ஃபிலிமின் காலத்தில் நாம் எங்கே இருந்தோம்?

*

முதலில் நினைவு.

நான் பெரியவளானபோது எனக்குப் பதின்மூன்று வயது. அந்தக் காலத்தில் தமிழ்நாட்டின் சிற்றூர்களில் வளர்ந்த பெண்களுக்கு அடுத்த காட்சியை விளக்க வேண்டியதில்லை. பட்டுப்பாவாடை, பூ வைத்துத் தைத்த சடை, ஸ்டூடியோ. பின்னால் ஆளுயரக் கண்ணாடி. முகம் கேமராவைப் பார்க்க வேண்டும், சடை கண்ணாடியில் தெரிய வேண்டும். கடையில் ஒரு பொருளை முன்னும் பின்னும் திருப்பிக் காட்டுவார்களே, அதை ஒரே படத்தில் செய்துவிடும் ஏற்பாடு. “தலையக் கொஞ்சம் சாய்ச்சு, கண்ண எறக்கு பாப்பா” என்றவர், நான் சரியாகச் செய்யவில்லை என்று கிட்டே வந்து தாடையைப் பிடித்துத் திருப்பினார். அந்த விரல்களில் இருந்த ஹைப்போ வாடை இன்னும் மறக்கவில்லை.

மூன்று காப்பி போட்டோம். பணத்தைக் கொடுத்துவிட்டு அம்மா கேட்டாள்: “அண்ணே, அந்த நெகட்டிவையும் குடுத்துருங்க.”

“அதெல்லாம் குடுக்கறதில்லம்மா. இங்கயே பத்திரமா இருக்கும். கவர்ல நம்பர் போட்டிருக்கேன், எப்ப வேணும்னாலும் வந்து காப்பி போட்டுக்கலாம்.”

இரண்டு மாதம் கழித்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு பையன், “உன் போட்டோவ பஸ் ஸ்டாண்டுல பாத்தேன்” என்றான். ஸ்டூடியோ வாசலில் இருந்த கண்ணாடிப் பெட்டியில், கல்யாண ஜோடிகளுக்கு நடுவே, பெரிதாக்கப்பட்டு நான் மாட்டப்பட்டிருந்தேன். முன்னும் பின்னுமாக. எங்களை யாரும் கேட்கவில்லை. அப்பா போய்ச் சத்தம் போட்டு அதைக் கழற்றி வாங்கிவந்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவைத்தான் திட்டினார்: “உன்ன யாரு அவளக் கூட்டிட்டு அங்க போகச் சொன்னா?” படம் வீட்டுக்கு வந்தது. நெகட்டிவ் வரவில்லை. அந்த ஸ்டூடியோ மூடிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் அம்மா திடீர் திடீரென்று கேட்பாள், “அந்த நெகட்டிவ் எங்க கெடக்கோ?”

இதை ஒரு தனி மனிதரின் குற்றமாகச் சொல்லவில்லை. அன்றைய தொழிலின் வழக்கம் அது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தைப் பின்னாளில் படித்தபோதுதான் தெரிந்தது, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, காசு கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னவரே அதன் முதல் உரிமையாளர் என்று. சட்டப்படி அந்தப் படம் அம்மாவுடையது. ஆனால் சட்டம் எந்தப் பக்கம் இருந்தாலும் நெகட்டிவ் கடையின் அலமாரியில் இருந்தது. நெகட்டிவ் யாரிடமோ அவரிடம்தான் அதிகாரம். தமிழ் சினிமாவுக்கு இது நன்றாகத் தெரியும். நெகட்டிவைக் கையில் வைத்துக்கொண்டு வில்லன் ஒரு பெண்ணை மிரட்டும் காட்சியை எத்தனை படங்களில் பார்த்திருக்கிறோம். பெண் பார்க்கக் கொடுத்தனுப்பிய படங்கள் எத்தனை வீடுகளில் திரும்ப வராமல் போயின. ஃபிலிமின் நிறத்தை ‘நினைவின் நிறம்’ என்று யாராவது உருகும்போது, நமக்கு நினைவுக்கு வருவது இதுவும்தான்.

*

நிறத்தைப் பற்றியும் பேச வேண்டும். நம் ஊரில் ‘கலர்’ என்ற சொல்லுக்கு ஒரு விசித்திரமான பொருள் உண்டு. “பொண்ணு கலரா?” என்று கேட்டால், சிவப்பாக இருக்கிறாளா என்று பொருள். கறுப்பு இந்த மொழியில் கலர் இல்லை. கலர் ஃபிலிமுக்கும் ஏறக்குறைய இதே அகராதிதான் இருந்தது.

வண்ணப் படங்களைப் பிரிண்ட் போடும் லேப்களுக்கு, நிறம் சரியாக வருகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கக் கோடாக் ஓர் அட்டையை அனுப்பிவந்தது. அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். முதலில் அப்படி நின்ற பெண்ணின் பெயரால் அதை ‘ஷெர்லி அட்டை’ என்றார்கள். பிறகு பெண்கள் மாறினார்கள், பெயர் மாறவில்லை. ஷெர்லியின் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. கருந்தோல் நிழலுக்குள் மூழ்கினால் அது ஃபிலிமின் குறையாகக் கருதப்படவில்லை. கனடா நாட்டு ஆய்வாளர் லோர்னா ராத் 2009இல் வெளியிட்ட கட்டுரையில் இந்த வரலாற்றை விரிவாக எழுதியிருக்கிறார். அதில் ஒரு செய்தி நெஞ்சில் தைப்பது. அடர்நிறங்களை நன்றாகப் பதியும்படி ஃபிலிமைத் திருத்தக் கோடாக்கைத் தூண்டியவர்களில் சாக்லேட் தயாரிப்பாளர்களும் மரச்சாமான் தயாரிப்பாளர்களும் இருந்தார்கள். பால் சாக்லேட்டுக்கும் கறுப்புச் சாக்லேட்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை, மரங்களின் நிற வேறுபாடு தெரியவில்லை என்பது அவர்கள் புகார். கறுப்பு மனிதர்களின் முகம் தெரியாதது அதற்கு முன் பெரிய பிரச்சினையாகத் தோன்றவில்லை. பல நிறப் பெண்களும் உள்ள அட்டை 1990களில்தான் வந்தது.

கறுப்பு வெள்ளையிலும் தப்பிக்க வழியில்லை. ஸ்டூடியோக்களில் ‘டச்சிங்’ என்று ஒரு வேலை இருந்தது. கூராகச் சீவிய பென்சிலால் நெகட்டிவின் மேல் மிக மெல்லிய கோடுகள் இழுப்பார்கள். நெகட்டிவில் எது கறுக்கிறதோ அது பிரிண்டில் வெளுக்கும். ஆகவே கறுத்த பெண்ணை வெளுப்பாக்க, அவள் முகத்தின் மேல் கரியைத் தீட்டினார்கள். நம் பாட்டிகளின் கல்யாணப் படங்களில் பலவற்றில் முகம் ஒரு நிறமும் கை ஒரு நிறமுமாக இருப்பதன் காரணம் இதுதான். டச்சிங் செய்தவர் முகத்தோடு நிறுத்திக்கொண்டார். அந்தக் கைகளைப் பார்க்கும்போதெல்லாம், தப்பித்துவந்த உண்மை என்று எனக்குத் தோன்றும்.

*

ஃபிலிமின் வரலாற்றில் பெண்கள் இல்லவே இல்லையா என்றால், எங்கு பார்த்தாலும் இருக்கிறார்கள். 1895இல் லூமியேர் சகோதரர்கள் எடுத்த, ஒரு நிமிடத்துக்கும் குறைவான அந்தப் புகழ்பெற்ற படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆலைக் கதவு திறக்கிறது, தொழிலாளர்கள் வெளியே வருகிறார்கள். வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அது என்ன ஆலை? லியோன் நகரில் லூமியேர் குடும்பம் நடத்திய, புகைப்படத் தகடுகள் செய்யும் ஆலை. அந்தப் பெண்கள் புகைப்படக் கலைக்கு வேண்டிய தகடுகளைச் செய்துவிட்டு வெளியே வந்து, இன்னொருவர் கேமராவுக்குள் புகுந்துபோகிறார்கள். ஒருவர் பெயரையும் படம் சொல்வதில்லை.

கோடாக் 1888இல் தன் முதல் கேமராவை 25 டாலருக்கு விற்றபோது, பொத்தானை அழுத்துவது மட்டுமே உங்கள் வேலை என்று விளம்பரம் செய்தது. 100 படம் எடுத்து முடித்ததும் கேமராவையே ராச்செஸ்டர் நகருக்கு அனுப்பிவிட வேண்டும். அங்கே கழுவி, பிரிண்ட் போட்டு, புது ஃபிலிம் மாட்டித் திருப்பி அனுப்புவார்கள். சில ஆண்டுகளில் விளம்பரத்தில் ‘கோடாக் பெண்’ வந்தாள். கையில் கேமராவோடு ஊர் சுற்றும் அழகான பெண். பல பத்தாண்டுகள் நீடித்தாள். பெண்கள் கேமராவைத் தொட அவள் ஓரளவு வழிவிட்டாள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் விளம்பரம் சொல்லாமல் சொன்னது, ஒரு பெண்ணால்கூட இயக்க முடியும் அளவுக்கு இது எளிது என்பதைத்தான். அறிவு ராச்செஸ்டரில் இருந்தது. அவளிடம் விரல் மட்டும் போதும்.

அந்த விரலைத் தாண்டி வந்த பெண்கள் உண்டு. ஹோமாய் வியாரவாலா, இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞர். 1913இல் குஜராத்தின் நவ்சாரியில் பிறந்தவர். கனமான கேமராவைச் சுமந்துகொண்டு, புடவையில், ஆண் புகைப்படக்காரர்களின் கூட்டத்தில் தனியாக நின்று சுதந்திரத்தின் தொடக்க ஆண்டுகளைப் பதிவு செய்தார். 1947 ஆகஸ்டில் செங்கோட்டையில் கொடி ஏறியதை அவர் படங்களில் பார்க்கிறோம். அவருடைய தொடக்ககாலப் படங்கள் கணவரின் பெயரில் வெளியாயின. 1970இல், இளம் புகைப்படக்காரர்களின் நடத்தை பிடிக்காமல், கேமராவைக் கீழே வைத்துவிட்டார். 2011இல் பத்ம விபூஷண் வந்தது. மறு ஆண்டு ஜனவரியில் இறந்தார். இடைப்பட்ட நாற்பது ஆண்டுகள் அவர் கேமராவுக்குத் திரும்பவே இல்லை. ‘ஃபிலிமுக்குத் திரும்புதல்’ என்று இனிப்பாகப் பேசும்போது, திரும்ப மறுத்த இந்தப் பெண்ணையும் சேர்த்து யோசிக்க வேண்டும். கலையை அவர் வெறுக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் மறுபடி போய் நிற்க விரும்பவில்லை.

இன்னொருவர் விவியன் மேயர். சிகாகோவில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பிறர் வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தவர். ஒரு காலத்தில் வேலைக்கிருந்த வீட்டில் தனக்குக் கொடுத்த குளியலறையை இருட்டறையாக வைத்துக்கொண்டார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை விட்டுச்சென்றார். நூற்றுக்கணக்கான ரோல்களைக் கழுவவே இல்லை. வாடகை கட்டாததால் 2007இல் அவருடைய பெட்டிகள் ஏலத்துக்கு வந்தன. வாங்கியவர்கள் உலகத்துக்குக் காட்டினார்கள். 2009இல் அவர் இறந்தார். இன்று ஃபிலிம் ஆர்வலர்கள் கொண்டாடும் தெய்வங்களில் அவர் ஒருவர். அவருடைய படங்களைப் பார்த்து நானும் வியந்திருக்கிறேன். கண்ணாடிகளிலும் கடைச் சன்னல்களிலும் தன்னையே அவர் எடுத்துக்கொண்ட படங்களைப் பார்க்கும்போது, அந்தக் கழுவாத ரோல்கள் என்னைத் தொந்தரவு செய்கின்றன. காசு இல்லாததால் கழுவாமல் விட்டாரா, காட்ட விரும்பாமல் விட்டாரா, எடுத்த கணமே போதும் என்று இருந்தாரா? எந்த வரிசையில் பார்க்க வேண்டும், எதைப் பெரிதாக்க வேண்டும், எதைத் தூக்கியெறிய வேண்டும் என்று சொல்ல அவர் இல்லை. பதிப்புரிமை யாருக்கு என்று வழக்கு நடந்தது. மறுபடியும் நெகட்டிவ் இன்னொருவர் அலமாரியில்.

பெண் கையில் கேமரா வந்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. ஃபிலிமுக்கு முந்திய கண்ணாடித் தகடுகளின் காலத்தில், 1863இல், 48 வயதில் மகள் பரிசளித்த கேமராவோடு தொடங்கியவர் ஜூலியா மார்கரெட் கேமரன். கரி போட்டுவைக்கும் அறையை இருட்டறை ஆக்கினார், கோழிக்கூட்டை ஸ்டூடியோ ஆக்கினார். தெளிவில்லை, கறை இருக்கிறது என்று ஆண் விமர்சகர்கள் ஏளனம் செய்தபோதும் தன் கறைகளோடு நின்றார். என் போன்றவர்களுக்கு அவர் முன்னோடி. ஆனால் 1875இல் அவர் குடும்பத்தின் காப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்குக் குடியேறி, அங்கே எடுத்த படங்களைப் பாருங்கள். இங்கிலாந்தில் எடுத்த கவிஞருக்கும் அறிவியலாளருக்கும் பெயர் உண்டு. இலங்கையில் எடுத்த கூலியாட்கள் ‘களுத்துறைக் குடியானவர்கள்’ போன்ற தலைப்புகளுக்குள் பெயரில்லாமல் நிற்கிறார்கள். அந்தக் காலத்தில் அங்கே காப்பித் தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் நம் மாவட்டங்களிலிருந்து போன தமிழர்கள். கேமராவுக்குப் பின்னால் பெண் வந்த பிறகும், முன்னால் நிற்கும் பெண்ணின் பெயரைக் கேட்க வேண்டிய கடமை மிச்சமிருக்கிறது.

இந்த வரலாற்றை நன்றாகப் புரிந்துகொண்டு ஸ்டூடியோவுக்குத் திரும்பியவர் என்று நான் கருதுவது புஷ்பமாலா என்ற கலைஞரை. புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000 முதல் 2004 வரை அவர் செய்த ‘தென்னிந்தியாவின் சுதேசிப் பெண்கள்’ என்ற தொடரில், ரவி வர்மாவின் ஓவியப் பெண், திரைப்படப் பெண், மானுடவியலாளர்கள் அளவெடுக்கக் கட்டம் போட்ட திரைக்கு முன் நிறுத்திய பழங்குடிப் பெண் என்று எல்லாருமாகப் புஷ்பமாலாவே வேடமிட்டு நிற்கிறார். திரை, விளக்கு, நிற்கும் தோரணை எதுவும் மாறவில்லை. ஆனால் எப்படி நிற்க வேண்டும் என்று முடிவு செய்தவர் நிற்கிறவரே. “கண்ண எறக்கு பாப்பா” என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

*

இனி பொறுமையும் சிக்கனமும்.

எடுத்த படத்தைப் பார்க்க ஒரு வாரம் காத்திருப்பது சிலருக்குப் புதிய அனுபவமாக இருக்கலாம். பெண்ணுக்குக் காத்திருப்பு புதிய சுவை இல்லை. பால் பொங்கும்வரை, பிள்ளை தூங்கும்வரை, எல்லாரும் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து பழகியவளுக்குப் பொறுமையைக் கற்றுத்தர ஒரு கேமரா தேவையில்லை. சிக்கனமும் அப்படியே. எங்கள் வீட்டில் விசேஷத்துக்கு ஒரு ரோல் வாங்குவார்கள். கேமரா அண்ணன் கையில் இருக்கும். நான் கேட்டால், “வேஸ்ட் பண்ணிருவ, வேணாம்” என்பார்கள். அண்ணன் எடுத்ததில் பாதி, தலை வெட்டுப்பட்ட படங்கள். அவற்றை யாரும் வேஸ்ட் என்று சொல்லவில்லை. அவன் கற்றுக்கொள்கிறான் என்றார்கள். ஒரு கலையைக் கற்க முதலில் வேண்டியது வீணாக்கும் உரிமை. அந்த உரிமையைத்தான் ஃபிலிமின் காலம் நமக்கு மறுத்தது.

அதனால்தான் ஃபிலிம் ஆர்வலர்கள் சிலர் செல்பேசிப் படங்களையும் செல்ஃபியையும் இளப்பமாகப் பேசும்போது என்னால் ஒத்துக்கொள்ள முடிவதில்லை. அந்த இளப்பத்தின் குறி பெரும்பாலும் இளம் பெண்கள்தான். யோசித்துப் பாருங்கள். நம் பெண்களில் பெரும்பாலோர் யாரிடமும் அனுமதி கேட்காமல், யார் கண்ணிலும் படாமல், தன் முகத்தைத் தானே எடுத்து, பிடிக்காததைத் தானே அழித்தது செல்பேசி வந்த பிறகுதான். ஆயிரம் படம் வீணாக்கிக் கற்றுக்கொண்டது அப்போதுதான். அதற்குள்ளும் கண்காணிப்பும் மிரட்டலும் வந்துவிட்டன என்பது வேறு கட்டுரைக்கான செய்தி. ஆனால் செல்பேசியைத் தாழ்த்தித்தான் ஃபிலிமை உயர்த்த வேண்டும் என்றால், அந்த உயரம் நமக்கு வேண்டாம்.

காசையும் மறைக்கக் கூடாது. ஒரு ரோல் வாங்கி, கழுவி, ஸ்கேன் செய்ய ஆகும் செலவில் ஒரு குடும்பத்துக்கு ஒரு வாரக் காய்கறி வாங்கிவிடலாம். ஒரு காலத்தில் நம் ஊட்டியிலேயே ஃபிலிம் செய்தார்கள். 1960இல் தொடங்கிய அரசு நிறுவனமான இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், நிலாவைக் குறிக்கும் ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் விற்றது. அந்த ஆலை மூடிக்கிடக்கிறது. இன்று நாம் மாட்டும் ரோல்கள் ராச்செஸ்டரிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வருகின்றன. ‘தூய கலை’ என்று ஃபிலிமை ஏற்றிப் பேசுகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்கலாம். ஃபிலிமில் வெள்ளி உப்பைத் தாங்கி நிற்கும் ஜெலட்டின் மாட்டு எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படுகிறது. தீட்டு என்று ஒதுக்கியவற்றின் மேல்தான் எல்லாருடைய சுபகாரியப் படங்களும் பதிந்திருக்கின்றன.

*

இவ்வளவும் தெரிந்த பிறகு நான் ஏன் ஃபிலிமில் எடுக்கிறேன்? அதற்கு விடை ஒரு தமிழ்ச் சொல்லில் இருக்கிறது.

ஆங்கிலத்தில் ‘டெவலப்’ என்பதை நம் மக்கள் ‘கழுவுதல்’ என்றார்கள். “ரோலைக் கழுவக் குடுத்திருக்கேன்” என்பார்கள். பாத்திரம் கழுவுவது, துணி கழுவுவது, பிள்ளைக்குக் கால் கழுவிவிடுவது என்று நாள் முழுக்கப் பெண்கள் செய்யும் வேலையின் அதே வினைச்சொல். ஆனால் படத்தைக் கழுவுவது மட்டும் ஆணின் தொழிலாகி, இருட்டறைக்குள் போய், கதவை மூடிக்கொண்டது. உலகத்தில் உள்ளதையெல்லாம் கழுவத் தெரிந்தவளுக்குத் தன் படத்தைக் கழுவ மட்டும் இன்னொருவரிடம் கொடுக்க வேண்டியிருந்தது.

இன்றும் ரோலை லேபுக்கு அனுப்பினால் நம் படத்தை முதலில் பார்ப்பவர் வேறொருவர்தான். அதனால் நான் கழுவக் கற்றுக்கொண்டேன். இது மலையைப் புரட்டும் வேலையில்லை. கறுப்பு வெள்ளை ஃபிலிம், கைகளை நுழைத்துக்கொள்ளும் கறுப்புப் பை ஒன்று, மூடியுள்ள டேங்க், டெவலப்பர், ஃபிக்ஸர், வெப்பமானி. பைக்குள் கண் உதவாது. விரல் நுனிகளால் ஃபிலிமின் ஓரத்தைத் தடவித் தடவிச் சுருளில் ஏற்ற வேண்டும். இருட்டில் பூத்தொடுத்த பாட்டிகளின் பேத்திக்கு அது சீக்கிரம் வசப்பட்டது. நான் பயன்படுத்துவது 400 வேகமுள்ள எச்.பி.5 பிளஸ். டி-76 டெவலப்பரில் தண்ணீர் சேர்க்காமல் கழுவினால் 20 டிகிரியில் ஏழரை நிமிடம். நம் ஊர்க் கோடையில் குழாய்த் தண்ணீர் 30 டிகிரிக்கு மேல் வரும். ஒரு வாளியில் ஐஸ் போட்டு டேங்கை அதில் நிறுத்திக் குளிர வைக்கிறேன். பிறகு ஃபிக்ஸர், பிறகு ஓடும் தண்ணீரில் அலசல். பயன்படுத்திய ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கும். அதைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் சேர்த்து வைக்க வேண்டும். இதற்கு வைத்த பாத்திரம் அடுப்படிக்குப் போகக் கூடாது. 1995இல் ராச்செஸ்டரின் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் மாணவர்களும் ஆசிரியரும் இன்ஸ்டன்ட் காப்பித்தூளையும் சலவைச் சோடாவையும் வைத்தே டெவலப்பர் செய்து காட்டினார்கள். பின்னால் வந்தவர்கள் வைட்டமின் சியையும் சேர்த்துக்கொண்டார்கள். மளிகைக்கடைப் பட்டியல் போலிருக்கும் இந்தச் செய்முறையை என் மாணவிகளுக்குச் சொன்னபோது, “இவ்ளோதானா மேடம்?” என்றார்கள். இவ்வளவுதான். இவ்வளவுக்குத்தான் அந்தக் கதவு மூடியிருந்தது.

ஆக, ‘ஃபிலிமுக்குத் திரும்புதல்’ என்ற தொடர் எனக்குப் பொருந்தாது. நான் அங்கே ஒருமுறை உட்கார வைக்கப்பட்டிருக்கிறேன், அவ்வளவே. இப்போது போவது நெகட்டிவை வாங்கிவர. பொழுதுபோக்கு என்று இதைச் சொல்வதிலும் எனக்குக் கூச்சமில்லை. போக்குவதற்கு ஒரு பொழுது தனக்கென்று இருக்கிறது என்று ஒரு பெண் சொல்வதே நம் வீடுகளில் சிறிய செய்தி இல்லை. உங்களிடமும் கேமராவைக் கொடுத்து, ஃபிலிம் உங்களுக்குப் பொறுமை கற்றுத்தரும் என்று யாராவது சொன்னால், புன்னகைத்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் ரோலை முழுக்க வீணாக்குங்கள். நெகட்டிவை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கேமராவுக்கு முன் நிற்கும் பெண்ணின் பெயரைக் கேட்டு எழுதிவையுங்கள். அவள் கேட்டால் அவளுக்கும் ஒரு நெகட்டிவைக் கொடுத்துவிடுங்கள்.

சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது கேமராவை அம்மாவிடம் கொடுத்தேன். எழுபதைத் தாண்டியவள். “எத்தன மிச்சம் இருக்கு?” என்றுதான் முதலில் கேட்டாள். “இருக்கட்டும்மா, நீ எடு” என்றேன். வெகுநேரம் எதையோ தேடினாள். கடைசியில் அடுப்படிச் சன்னல் வழியாகத் தெரியும் முருங்கை மரத்தை எடுத்தாள். ஐம்பது ஆண்டுகளாகத் தினமும் அவள் பார்க்கும் மரம். கை ஆடிவிட்டது. மரம் கலங்கி, சன்னல் கம்பி மட்டும் தெளிவாக விழுந்திருந்தது. கழுவிக் கொடியில் துணிக்கிளிப் போட்டுக் காய வைத்த சுருளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, தன் கட்டம் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். அந்தத் துண்டை மட்டும் வெட்டி உறையில் போட்டுக் கொடுத்தேன். பீரோவைத் திறந்து புடவைகளுக்கு அடியில் வைக்கப் போனவள், திரும்பிப் பார்த்துக் கேட்டாள்:

“கவர்ல நம்பர் போடணுமாடி?”

உறையை வாங்கி 1 என்று எழுதிக் கொடுத்தேன்.